கணக்கு சரி, விமானம் வேறு

ஆய்வேட்டின் நான்காம் இயலை முடித்திருக்க வேண்டிய வாரத்தில், அதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஒன்றைப் பற்றி நீளமாக எழுத நேர்ந்திருக்கிறது. விமானிகளுக்கான பயிற்சியில் எடை, சமநிலை குறித்த கலைச்சொற்களை நாம் கற்பிக்கும் முறையைப் பற்றியது இது. பொறியியல் படிக்காதவர்களும் பொறுமையுடன் வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தத் துறையிலாயினும் வரையறைகளைக் கற்பிப்பவர்கள் அனைவருக்கும் உரிய சிக்கல் இதனுள் இருக்கிறது.

நான் ஆய்வு செய்வது மத்திய இந்தியாவில் உள்ள ஒரு நகரத்தில். ஊருக்கு வெளியே ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே பயிலும் தமிழ் மாணவர்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் என் விடுதி அறைக்கு வருவதுண்டு. பாடத்தில் ஐயம் கேட்பார்கள். நல்ல இட்லி எங்கே கிடைக்கும் என்றும் கேட்பார்கள். சென்ற மே மாதத்தில் அவர்களுள் ஒருவர், மறுநாள் தாம் பறக்கவிருந்த செஸ்னா 152 விமானத்துக்கான எடைக் கணக்கை நீட்டி, "அண்ணா, ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்றார்.

கணக்கு இதுதான். விமானத்தின் வெற்று எடை 1,140 பவுண்டு. அவரும் பயிற்றுநரும் சேர்ந்து 340 பவுண்டு. தொட்டி நிறைய எரிபொருள், அதாவது பயன்படுத்தத்தக்க 24.5 அமெரிக்க காலன், 147 பவுண்டு. பை, தண்ணீர், ஹெட்செட் ஆகியவை 22 பவுண்டு. ஆக மொத்தம் 1,649. இயந்திரத்தை முடுக்கித் தரையில் நகரத் தொடங்கும் வேளையில் அந்த விமானத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 1,675 பவுண்டு. 26 பவுண்டு மிச்சம் இருந்தது. ஈர்ப்பு மையமும் எல்லைக்குள் இருந்தது. பிழை ஒன்றும் தென்படவில்லை.

ஆயினும் ஒரு கேள்வி கேட்டேன். "இந்த 1,140 எங்கேயிருந்து வந்தது?"

"கிளாஸ் நோட்ஸ்ல இருக்குண்ணா. மாதிரிக் கணக்குல அப்படித்தான் குடுத்திருந்தாங்க."

மறுநாள் காலை அவர் அந்த விமானத்துக்கே உரிய எடையிடல் அறிக்கையைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அதில் இருந்த வெற்று எடை 1,178 பவுண்டு. வேறுபாடு 38 பவுண்டு, ஏறத்தாழ 17 கிலோ. மொத்தம் 1,687 ஆயிற்று. எல்லையைவிட 12 பவுண்டு கூடுதல். முதல் நாள் அவர் செய்த கூட்டலில் தவறில்லை, பெருக்கலிலும் தவறில்லை. இல்லாத ஒரு விமானத்துக்கு அவர் மிகச் சரியாகக் கணக்கிட்டிருந்தார்.

அம்மாணவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் கூர்மையானவர். வாய்பாட்டைத் தலைகீழாகக் கேட்டாலும் சொல்வார். வெற்று எடை என்ற சொல், ஓர் எண் வந்து உட்காரும் கட்டத்தின் பெயர் என்றே அவருக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அந்த எண்ணை யார், எப்போது, எந்த விமானத்தை நிறுத்தி, எதையெல்லாம் உள்ளே வைத்து அளந்தார்கள் என்ற கேள்வி அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. இந்தப் பாடத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஒருவர் கொடுத்த உறுதிமொழி என்பதும், அந்த உறுதிமொழி எங்கே முடிகிறது என்பதைக் கற்பிக்காமல் வாய்பாட்டை மட்டும் கற்பிப்பது ஆபத்து என்பதும் என் கருத்து.

வெற்று எடையையே எடுத்துக்கொள்வோம். வெற்று என்றால் ஒன்றுமில்லாதது என்று பொருள் கொள்வோம். ஆனால் பேசிக் எம்ப்டி வெயிட் எனப்படும் அடிப்படை வெற்று எடையில், தொட்டியின் அடியில் தங்கி இயந்திரத்துக்கு எட்டாமல் போகும் எரிபொருள் உண்டு. இயந்திரத்துக்குத் தேவையான முழு எண்ணெயும் உண்டு. பின்னாளில் பொருத்திய வானொலிக் கருவிகளும் உண்டு. பழைய விமானங்களின் ஏடுகளில் லைசென்ஸ்டு எம்ப்டி வெயிட் என்ற இன்னொரு சொல் வரும். அதில் வடித்தெடுக்க முடியாத எண்ணெய் மட்டுமே சேரும். முழு எண்ணெய் சேராது. இரண்டையும் ஒன்றென்று கருதினால், சிறிய விமானத்திலேயே பத்துப் பவுண்டுக்கு மேல் கணக்கில் காணாமல் போகும். விமானங்கள் வயதாக ஆகப் பெரும்பாலும் எடை கூடுகின்றன. புதிதாக ஒரு கருவி, பழுதுபார்த்த இடத்தில் ஓர் ஒட்டுத்தகடு, பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரே ஆண்டில், ஒரே ஆலையில், ஒரே அச்சில் பிறந்த இரு விமானங்களின் வெற்று எடை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே மாதிரிக் கணக்கின் எண் எந்த விமானத்துக்கும் உரியதன்று.

அடுத்து, பெரிய விமானங்களில் வரும் எடைகளின் வரிசை. வெற்று விமானத்தோடு பணிக்குழுவினரும் அவர்களுடைய உடைமைகளும் உணவுப் பொருள்களும் சேர்ந்தால் டிரை ஆப்பரேட்டிங் வெயிட். அதனோடு பயணிகளும் சரக்கும் சேர்ந்தால் ஜீரோ ஃபியூவல் வெயிட், அதாவது எரிபொருளில்லா எடை. புறப்படும்போது உள்ள எரிபொருளையும் சேர்த்தால் புறப்பாட்டு எடை. வழியில் எரிவதைக் கழித்தால் தரையிறங்கு எடை. மாணவர்கள் இதைக் கூட்டல் கழித்தல் ஏணியாக மனப்பாடம் செய்கிறார்கள். எரிபொருளில்லா எடைக்கும் புறப்பாட்டு எடைக்கும் தரையிறங்கு எடைக்கும் தனித்தனியே உச்ச வரம்பு ஏன் வைத்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் மௌனமாகிவிடுகிறார்கள்.

காரணங்கள் வேறு வேறு. பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கித் தூக்குகின்றன. உடற்பகுதியின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. இரண்டும் சந்திக்கும் இறக்கையின் அடிப்பகுதி வளைவுக்கு உள்ளாகிறது. எரிபொருள் இறக்கைக்குள் இருந்தால், அதன் எடை இறக்கையைக் கீழே அழுத்தி அந்த வளைவைக் குறைக்கிறது. எனவே ஆயிரம் கிலோ எரிபொருளைக் குறைத்து ஆயிரம் கிலோ சரக்கைக் கூட்டினால் மொத்த எடை மாறாது. ஆனால் இறக்கையின் அடியில் விழும் சுமை கூடிவிடும். எரிபொருளில்லா எடைக்கு வரம்பு வைத்தது இதற்காக. தரையிறங்கு எடையின் வரம்பு, சக்கரங்கள் தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக. புறப்பாட்டு எடையின் வரம்போ கட்டமைப்பின் வலிமையைச் சார்ந்தது. அன்றைய ஓடுபாதையின் நீளமும் வெப்பமும் அதை மேலும் குறைக்கக்கூடும். ஒவ்வொரு வரம்பும் விமானத்தின் வெவ்வேறு உறுப்பின் சார்பாகப் பேசுகிறது. இதை அறியாத மாணவர், மொத்தம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று எண்ணிவிடுவார்.

இனி சமநிலை. டேட்டம் என்பது கையேடு குறிக்கும் ஒரு கற்பனைத் தளம். எல்லாத் தூரங்களையும் அதிலிருந்தே அளக்கிறோம். செஸ்னா 152இல் அது இயந்திரத்துக்கும் அறைக்கும் இடையிலுள்ள தீத்தடுப்புச் சுவரின் முன்முகம். வேறு சில விமானங்களில் மூக்குக்கும் முன்னே வெற்றுவெளியில் அதை வைத்திருக்கிறார்கள். தளத்தை ஐம்பது அங்குலம் முன்னே நகர்த்தினால் எல்லாத் தூரங்களிலும் ஐம்பது கூடும். மையத்தின் எண்ணிலும் ஐம்பது கூடும். விமானத்தில் மையம் இருக்கும் இடம் இம்மியும் நகராது. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்த மாணவருக்கு டேட்டம் குறித்த அச்சம் தீர்ந்துவிடும். போட்டுப் பார்க்காதவர், ஒரு விமானத்தின் தூரங்களை இன்னொன்றின் தளத்தோடு கலக்கும் அபாயம் எப்போதும் உண்டு.

தளத்திலிருந்து பொருள் இருக்கும் தூரம் ஆர்ம். எடையை அத்தூரத்தால் பெருக்கினால் மொமென்ட். தமிழ்வழி படித்தவர்கள் இதைத் திருப்புத்திறன் என்ற பெயரில் பள்ளியிலேயே சந்தித்திருக்கிறார்கள். நம் சந்தைகளில் ஒரு காலத்தில் புழங்கிய தூக்குக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். சிறிய குண்டு ஒன்றைக் கோலின் நுனிக்கு நகர்த்தி, மறுபுறம் தொங்கும் கனத்த மூட்டையை நிறுத்துவார்கள். தொலைவு எடையின் வேலையைச் செய்கிறது. விமானத்திலும் அப்படியே.

அம்மாணவரின் விமானத்தில் இருக்கைகள் 39 அங்குலத்தில். பை வைக்கும் இடம் 64 அங்குலத்தில். எரிபொருள் 42 அங்குலத்தில். வெற்று விமானத்தின் மையம் 30 அங்குலத்தில் இருந்தது. திருத்திய எடைகளோடு கணக்கிட்டால் மொத்தத் திருப்புத்திறன் 56,182, மையம் 33.3 அங்குலம். உச்ச எடையில் அனுமதிக்கப்பட்ட எல்லை 32.65 முதல் 36.5 வரை. ஆக, எடை எல்லையைத் தாண்டியிருந்தும் மையம் எல்லைக்குள் இருந்தது. எடை என்றும் சமநிலை என்றும் இரண்டு சொற்கள் இருப்பதன் காரணம் இதுதான்: ஒன்றில் தேறியவர் மற்றொன்றில் தேறியவர் ஆகார். இன்னொன்றையும் கவனியுங்கள். பின்னால் வைத்த அந்தப் பத்துக் கிலோப் பை, மையத்தைப் பின்னுக்கு இழுக்கும் அளவில், இருக்கையில் கூடுதலாக ஐம்பது கிலோவுக்கு மேல் ஏறியதற்கு ஒப்பாகும். "சின்னப் பைதானே" என்ற பேச்சு எடையை மட்டும் பார்க்கிறது, தூரத்தைப் பார்ப்பதில்லை.

முன் எல்லை, பின் எல்லை என்ற இரு சொற்களும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பதங்கள் போலத் தோன்றினாலும், அவற்றை மீறினால் விளையும் தீமைகள் ஒத்தவையல்ல. மையம் அளவுக்கு மீறி முன்னே போனால் மூக்கு கனக்கும். தரையிறங்கும் வேளையில் மூக்கைத் தூக்க, வாலிலுள்ள எலிவேட்டரின் முழு வீச்சும் போதாமல் போகலாம். அந்தக் கனத்தை விமானியின் கை முதலிலேயே உணரும். மையம் பின்னே போனால் கதை வேறு. கட்டுப்பாடுகள் இலேசாகும், விமானம் சுகமாகப் பறப்பது போலவே இருக்கும், எரிபொருளும் சற்று மிச்சமாகும். ஆனால் நிலைத்தன்மை குறைந்திருக்கும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழந்து, விமானம் சுழலத் தொடங்கினால் மீட்பது அரிதாகலாம், முடியாமலும் போகலாம். முன்னது எச்சரிக்கிறது, பின்னது பெரும்பாலும் எச்சரிப்பதில்லை. தேர்வுத் தாளில் இவ்விரண்டும் ஒரே மதிப்பெண் பெறும் இரு தெரிவுகளாக நிற்கின்றன.

சொற்களுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று சிலர் கேட்கலாம். பொதுப் பதிவில் உள்ள மூன்று நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 2020 ஜூலை 21 அன்று பிரித்தானியாவின் பர்மிங்காமிலிருந்து மயோர்க்கா தீவுக்குச் சென்ற போயிங் 737. பயணிகளைப் பதிவு செய்யும் மென்பொருள், மிஸ் என்ற முன்னொட்டுடன் வந்த பெண்களைச் சிறுமியர் என்று எடுத்துக்கொண்டது. வளர்ந்த பெண்ணுக்குரிய 69 கிலோவுக்குப் பதிலாகக் குழந்தைக்குரிய 35 கிலோ கணக்கில் ஏறியது. சுமைத்தாளில் உண்மையைவிட 1,244 கிலோ குறைவாகப் பதிவாயிற்று. மென்பொருள் எழுதப்பட்ட நாட்டில் அம்முன்னொட்டு சிறுமியரைக் குறித்தது. பிரித்தானியாவிலோ மணமாகாத வளர்ந்த பெண்களையும் குறித்தது. விமானம் பத்திரமாகவே சென்று சேர்ந்தது. ஆனாலும் அந்நாட்டு விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு இதனைக் கடுமையான நிகழ்வு என்று வகைப்படுத்தியது. நம்மூர் அழைப்பிதழ்களில் வரும் செல்வி என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். ஆறு வயதுச் சிறுமியும் செல்வி. முப்பது வயதுப் பேராசிரியையும் செல்வி. அதே பிழையை நாமும் எளிதாகச் செய்திருப்போம்.

இரண்டாவது, 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரில் புறப்பட்டவுடனே விழுந்த பீச்கிராஃப்ட் 1900. அதிலிருந்த 21 பேரும் இறந்தனர். எலிவேட்டர் கட்டுப்பாட்டைப் பராமரிப்பின்போது தவறாகச் சரிசெய்திருந்தது மூல காரணம். மையம் அனுமதிக்கப்பட்ட பின் எல்லைக்கு வெகுவாகப் பின்னே இருந்தது அத்தீங்கைப் பெருக்கியது. சுமைத்தாளின்படி எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஏனெனில் அது நிறுவப்பட்ட சராசரிப் பயணி எடையைக் கொண்டு எழுதப்பட்டது. உண்மையான மனிதர்களோ அந்தச் சராசரியைவிடக் கனமாக இருந்தார்கள். அதன் பின்னர் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு சராசரி எடைகளை உயர்த்தியது. புள்ளியியல் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 180 பேர் ஏறும் விமானத்தில் கனமானவரும் மெலிந்தவரும் ஒருவரையொருவர் ஈடுசெய்வார்கள். 19 பேர் ஏறும் விமானத்தில் அந்த ஈடு நிச்சயமன்று. இருவர் ஏறும் பயிற்சி விமானத்தில் சராசரி என்ற சொல்லுக்கே பொருளில்லை. அங்கே ஒவ்வொருவரையும் எடைபோட வேண்டும், வேறு வழியில்லை.

மூன்றாவது பலரும் அறிந்தது. 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 நடுவானில் எரிபொருள் முழுவதும் தீர்ந்து, மிதந்து வந்து கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் இறங்கியது. தேவைப்பட்டது 22,300 கிலோ. இருந்தது 22,300 பவுண்டு, அதாவது பாதிக்கும் குறைவு. ஒரு லிட்டர் எரிபொருளுக்கு 1.77 என்ற பெருக்கெண்ணைப் பயன்படுத்தினார்கள். அது பவுண்டுக்குரியது, கிலோவுக்குரியது ஏறத்தாழ 0.8. பெருக்கல் சரியாகவே இருந்தது. எண்ணின் பின்னே நிற்க வேண்டிய அலகு என்ற சொல் மட்டும் விடுபட்டுப்போயிற்று. நம் பயிற்சி மாணவர்களின் நிலையும் இதுதான்: கையேடு பவுண்டிலும் அங்குலத்திலும் பேசுகிறது; எடைபோடும் கருவி கிலோவில் காட்டுகிறது; எரிபொருள் ஊற்றுபவர் லிட்டரில் கேட்கிறார். ஒரே பறத்தலுக்கு மூன்று மொழிகள்.

இம்மூன்றிலும் கூட்டல் பிழை எங்குமில்லை. ஒரு சொல் எதை உள்ளடக்குகிறது, எதை விடுகிறது என்பதில்தான் பிழை இருந்தது. ஆனால் நாம் தேர்வில் சோதிப்பது பெரும்பாலும் கூட்டலை. வணிக விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுகள் தெரிவு வினாக்களால் ஆனவை. தேர்ச்சிக்கு 70 விழுக்காடு வேண்டும். அவ்வடிவத்தை நான் குறை சொல்லவில்லை. பெருந்தொகையான மாணவர்களை ஒரே அளவுகோலால் அளக்க வேறு எளிய வழி இல்லை. ஆனால் அத்தேர்வுக்கென்று வளர்ந்த வினாவங்கிப் பயிற்சியில் வெற்று எடை எப்போதும் கேள்வியிலேயே தரப்பட்டிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை மாணவருக்கு ஒருநாளும் நேர்வதில்லை. உண்மையான விமானத்தின் முன் நிற்கும்போதும் எவரோ ஒருவர் தந்திருப்பார் என்றே மனம் எதிர்பார்க்கிறது. அந்த மே மாத மாலையில் நான் கண்டது அதைத்தான்.

மறுப்புகளையும் எண்ணிப் பார்த்தேன். இன்று எல்லாவற்றையும் கைக்கணினியில் உள்ள செயலி செய்துவிடுகிறது என்பார்கள். பர்மிங்காமில் செய்ததும் மென்பொருளே. செயலி நமக்குப் பதிலாகப் பெருக்கும். நமக்குப் பதிலாகப் பொருள் கொள்ளாது. விமான நிறுவனங்களில் இதற்கெனத் தனிப் பணியாளர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தரும் சுமைத்தாளை ஏற்றுக் கையொப்பமிடுபவர் விமானத் தலைவர். ஓர் எண்ணைக் கண்டு "இது இப்படி இருக்க முடியாதே" என்று ஐயுறும் ஆற்றல், பொருளறிந்தவருக்கே வரும்.

மூன்றாவது மறுப்பு மொழி பற்றியது. விமானத்துறையின் மொழி ஆங்கிலம். தமிழில் விளக்கி என்ன பயன் என்று சக ஆய்வாளர் ஒருவர் கேட்டார். வானொலியில் பேசும் மொழி ஆங்கிலமாக இருப்பது பாதுகாப்புக்கு இன்றியமையாதது. அதில் எனக்கு ஐயமில்லை. புரிந்துகொள்ளும் மொழியும் அதுவாகவே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தமிழ்வழியில் படித்து வந்த மாணவரிடம் நிறை, எடை என்ற வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்க நூல்கள் வெயிட் என்று சொல்வதையே ஐரோப்பிய நூல்கள் மாஸ் என்று சொல்வதைக் கண்டு அவர் குழம்ப வேண்டியதில்லை. திருப்புத்திறன் என்ற சொல் தன் வேலையைத் தானே சொல்லிவிடுகிறது: திருப்பும் திறன். மொமென்ட் என்ற சொல்லை முதன்முறை கேட்கும் மாணவருக்கு அது கணப்பொழுது என்றே ஒலிக்கிறது. கலைச்சொல் ஆங்கிலத்திலேயே நிற்கட்டும். அதன் பொருள் தாய்மொழியில் வேர்கொள்ளட்டும். இரண்டுக்கும் பகையில்லை.

ஆகவே கற்பிப்போருக்கு நான் முன்வைப்பவை மூன்று. முதலாவதாக, வாய்பாட்டுக்கு முன்னால் எடையிடல் அறிக்கையைக் கையில் கொடுங்கள். மாணவர் தாம் ஓட்டப்போகும் விமானத்தின் பதிவெழுத்துகளை அதில் கண்டு, நாளைப் படித்து, பொருத்திய கருவிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் எண்ணின் அருகிலும் மூன்று சிறு வினாக்களுக்கு விடை எழுதச் சொல்லுங்கள்: இதில் எது சேர்ந்திருக்கிறது, எது சேரவில்லை, யார் எப்போது அளந்தார். மூன்றாவதாக, உள்தேர்வுகளிலேனும் வெற்று எடையைத் தராமல் ஒரு வினாவைக் கேளுங்கள். "விடையளிக்கத் தகவல் போதாது" என்று எழுதத் துணிகிற மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஆய்வுத்துறையில் இருக்கும் நமக்கும் இது பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. பிறர் தந்த தரவில் எது சேர்ந்தது, எது விடுபட்டது என்று கேளாமல் சூத்திரத்தில் இட்டு, முடிவை மூன்று தசமத் துல்லியத்தில் அச்சிடும் பழக்கம் நம்மிடமும் உண்டு.

அம்மாணவரின் கதையை முடித்துவிடுகிறேன். 12 பவுண்டு கூடுதல் என்று தெரிந்ததும் அவர் பயிற்றுநரிடம் போய்ச் சொன்னார். சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது என்றார் பின்னர். பயிற்றுநர் மூத்தவர், பல்லாயிரம் மணிநேரம் பறந்தவர். "இந்த விமானம் வருடக்கணக்காக இப்படித்தான் பறக்கிறது" என்பது அவருடைய முதல் மறுமொழி. அது உண்மையாகவும் இருக்கக்கூடும். ஐந்தரைக் கிலோ கூடுதலால் அன்று விமானம் விழுந்திருக்கும் என்று நானும் சொல்லமாட்டேன். அது மேலெழுந்திருக்கும், பத்திரமாக இறங்கியும் இருக்கும். சிக்கலும் அங்கேதான். எல்லைக்குள் இருக்கும்வரை, ஓடுபாதையில் எவ்வளவு தூரம் வேண்டும், எவ்வளவு வேகத்தில் ஏறும், எந்த வேகத்தில் தூக்குவிசை இழக்கும் என்பதையெல்லாம் வேறொருவர் நமக்காகச் சோதித்து எழுதிவைத்திருக்கிறார். எல்லையைத் தாண்டிய முதல் பவுண்டிலேயே அந்த எழுத்துக்கு நம்மீது கடமை இல்லை. மே மாத நண்பகலில், காற்று சூடேறி அடர்த்தி குறைந்து, இறக்கையும் இயந்திரமும் சோர்ந்திருக்கும் வேளையில், நாமே சோதனை விமானி ஆகிவிடுகிறோம். அதுவும் நாம் அறியாமலே.

மாணவர் தாளை நீட்டி, "சார், எட்டு லிட்டர் குறைச்சுப் போட்டா சரியாயிடும்" என்ற பொருளில் தமக்குத் தெரிந்த இந்தியில் சொல்லியிருக்கிறார். இரண்டு காலன், 12 பவுண்டு, ஏறத்தாழ இருபது நிமிடப் பறத்தலுக்கான எரிபொருள். அன்றைய ஒருமணிநேரப் பயிற்சிக்கும் கட்டாயக் கையிருப்புக்கும் மீதி தாராளமாகப் போதும். பயிற்றுநர் தாளைச் சற்று நேரம் பார்த்தார். பின் எடையிடல் அறிக்கையைக் கொண்டுவரச் சொல்லித் தாமே ஒருமுறை படித்தார். எரிபொருள் ஊற்றுபவரை அழைத்துத் தொட்டியை நிரப்ப வேண்டாம் என்றார். வேறெதுவும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தொகுப்பு மாணவர்கள் அனைவரும் அவரவர் விமானத்தின் அறிக்கையைப் பார்த்தே கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். அந்த மூத்தவரிடம் எனக்கு மரியாதை கூடியது. இருபது வயதுப் பிள்ளை நீட்டிய தாளை வாங்கிப் படிப்பது எளிதன்று.

விமானப் பயிற்சியில் இருக்கும் நண்பர்கள், குறிப்பாகப் பயிற்றுநர்கள், இதில் பிழை கண்டால் திருத்துங்கள். உங்கள் வகுப்பில் இச்சொற்களை எப்படிக் கற்பிக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். பயிற்சி மாணவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: நாளைக் காலை கணக்கைத் தொடங்கும் முன் முதல் வரியில் இருக்கும் எண் உங்கள் விமானத்துடையதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.